மாப்பிள்ளையின் வாழ்த்தில் ஒரு வினைச்சொல்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். ஆனால் நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்து, சாட்சி இருமினால் அதைக்கூட விடாமல் பதிவு செய்த தங்களிடம், தெரிந்தே ஒரு பொய்யை முதல் வரியில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நலமில்லை என்றும் எழுத முடியாது, தங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. ஆகவே நலத்தைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மாவுக்குப் பல் கட்டிய இடத்தில் வீக்கம் வற்றியதா? அவர்களுக்கு என் மனைவி தனியாக எழுதுவாள்.

இதை உங்கள் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் நான் இங்கே எப்படி வந்தேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். யாருக்கும் அடிபடவில்லை. யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. நடுவில் ஓர் ஆஸ்பத்திரி வரும், அதைப் பார்த்துப் பயந்து கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

நான் கொஞ்சம் பயந்த சுபாவம் என்பது தங்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வந்துதான் மேடை ஏறினேன். இது பிறவிக் கோளாறு இல்லை, தொழில் கொடுத்தது. முப்பத்து நாலு வருடம் பாய்லர் இன்ஸ்பெக்டர். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், எங்கே விரிசல் விடும், எந்த வால்வு ஒட்டிக்கொள்ளும் என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கினவன். அழுத்தமானியின் முள்ளையே வெறித்துக்கொண்டு நிற்பேன் என்று தொழிலாளிகள் எனக்கு 'முள் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காலத்தில் ஒரு பாய்லர்கூட வெடிக்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்றபின் பார்ப்பதற்கு வீட்டில் ஒரு பிரஷர் குக்கர்தான் இருந்தது. அதன் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு நின்றேன். வெயிட்டைக் கழற்றி ஓட்டையில் தினமும் ஊசி விட்டுப் பார்த்தேன். ரப்பர் வளையத்துக்கு ஒரு பதிவேடு போட்டேன். பதினோராம் நாள் என் மனைவி, "இந்த வீட்ல ஒண்ணு குக்கர் இருக்கணும், இல்லன்னா நீங்க இருக்கணும். குக்கராவது சமைக்கும்" என்றாள். அன்றைக்கே கையைப் பிடித்து அழைத்துப்போய் ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டாள். மாலை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் பாடத்திட்டம்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அறிக்கை ஆங்கிலம் நன்றாகவே தெரியும். தகடு அரித்திருக்கிறது, வால்வை மாற்றவும், இத்தனாம் தேதிக்குள் பதில் அனுப்பவும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அத்தனை வருடத்தில் 'விஷ்' என்ற சொல்லுக்கு ஒரு தடவைகூட வேலை வரவில்லை. பாய்லருக்கு விருப்பம் கிடையாது. வெடிக்கும், இல்லாவிட்டால் வெடிக்காது.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் நடக்கிறது. கீழே காற்றடிக்கும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். அதன் வால்வு சரியில்லை என்பது என் காதுக்குத் தெரியும், அதனால் வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். என்னோடு ஒரு முடிதிருத்துபவரும், வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் ஒரு நர்ஸும், வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவரும் படிக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா கரும்பலகையில் 'விஷ்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

"இந்த வார்த்தையை வச்சு ஆரம்பிச்சா, பின்னாடி வர்ற வினைச்சொல் ஒரு படி பின்னால, இறந்த காலத்துக்குப் போயிடணும். 'ஐ விஷ் ஐ ஹேட் எ கார்.' இது போன வருஷத்துக் கதை இல்ல. இப்போ, இந்த நிமிஷம், எங்கிட்ட கார் இல்லன்னு அர்த்தம்."

"இருந்தா எப்படி மேடம் சொல்றது?" என்று கேட்டார் முடிதிருத்துபவர்.

"இருந்தா ஏன் சொல்லப் போறீங்க? இல்லாததுக்குத்தான் 'விஷ்'. இனிமே நடக்கலாம்னு இருந்தா அதுக்கு 'ஹோப்'. நடந்து முடிஞ்சதை நினைச்சு வருத்தப்பட்டா இன்னொரு படி பின்னால போகணும், 'ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்'. படிக்கல, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தவங்க பண்றது எரிச்சலா இருந்தா 'வுட்' போடணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், திரும்பிக் கரும்பலகையில் இன்னொரு வாக்கியம் எழுதினார். 'ஐ விஷ் ஷி வேர் ஹேப்பி.'

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"அவங்க சந்தோஷமா இருக்கணும்" என்றார் நர்ஸ்.

"இல்லம்மா. அவங்க சந்தோஷமா இல்லன்னு அர்த்தம். 'வேர்'க்குப் பதிலா பேச்சுல 'வாஸ்'னும் சொல்வாங்க. அர்த்தம் அதேதான்."

அந்த நிமிடம் கீழே கம்ப்ரசர் நின்றது. அல்லது என் காது நின்றது. ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, என் மகளுக்குப் பிறந்த நாள். அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, தங்கள் பிள்ளைக்கும் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தேன், என் பெண்ணுக்கு வாழ்த்து, நீங்களும் சொல்லிவிடுங்கள் என்று. அதற்கு மாப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் போட்டிருந்தார். மேசைக்கு அடியில் போனை எடுத்துப் பார்த்தேன். 'தேங்க் யூ மாமா. ஐ விஷ் ஷி வாஸ் ஹேப்பி.'

அதற்கு நான் என்ன பதில் அனுப்பியிருந்தேன் தெரியுமா? கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம். அதுவும் ஒன்றல்ல, மூன்று.

உங்கள் மகள் சந்தோஷமாக இல்லை என்று ஒரு மனிதர் மாமனாருக்கு எழுதுகிறார். மாமனார் பேஷ், பேஷ், பேஷ் என்று மூன்று விரல் காட்டுகிறார்! எழுந்து நின்று, "மேடம், வாழ்த்துறதுக்கு யாராவது இப்படி எழுதுவாங்களா?" என்று கேட்டேன்.

"வாழ்த்துன்னா 'விஷ் யூ எ ஹேப்பி பர்த்டே'ன்னு முடிச்சுடலாம் சார். அதுல வினையே கிடையாது, தப்பும் வராது."

வினை இருந்தால்தானே வினை! மாப்பிள்ளை ஒரு வினைச்சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறாரே. பாதி வகுப்பில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன்.

"மாப்பிள்ளை என்ன இங்கிலீஷ் வாத்தியாரா? ஏதோ விரலுக்கு வந்ததைப் போட்டிருப்பாரு" என்றாள் என் மனைவி.

அப்படி விட்டுவிட முடியுமா, சொல்லுங்கள். தங்கள் பிள்ளை மருந்துக் கம்பெனியில் லேபிள் சரிபார்ப்பவர். 'உணவுக்கு முன்' என்பது 'உணவுக்குப் பின்' என்று மாறினால் ஆளே போய்விடும் மாமா என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அரைப்புள்ளி தப்பாக விழுந்தாலும் பத்தாயிரம் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற மனிதர், மனைவியைப் பற்றி எழுதும்போது மட்டும் விரலுக்கு வந்ததைப் போடுவாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்யாணம் ஆன நாள் முதல் அவர் எனக்கு அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். 'ஐ விஷ் ஷி வுட் ஈட் ப்ராப்பர்லி.' வுட்! எரிச்சல்! 'ஐ விஷ் வி ஹேட் டேக்கன் தி அதர் ஃப்ளாட்.' நடந்து முடிந்தது, இனி ஒன்றும் செய்ய முடியாது. துணி துவைக்கும் இயந்திரத்தில் என்ன சத்தம் என்று நான் கேட்டதற்கு 'ஐ விஷ் ஐ நியூ', எனக்குத் தெரிந்தால்தானே, என்று எழுதியிருந்தார், அதை மட்டும் மன்னித்தேன். ஆனால் 'ஹோப்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடி தேடினேன். இரண்டு மாதத்துக்கு முன்வரை வாரத்துக்கு ஒரு 'ஹோப்' இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. நம்பிக்கை நின்றுபோயிருக்கிறது, நான் விரல் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மகளிடமே போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்பாள். நம் மொழியில் அதற்கு மேல் தோண்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆகவே மாப்பிள்ளைக்கே பதில் எழுதி விஷயத்தை வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்னிடம் சொல்லுங்கள் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். 'வுட்' போட்டால் எரிச்சல் என்று ஆகிவிடும். 'டோல்ட்' போட்டால் நீங்கள் சொல்வதே இல்லை என்று குத்திக்காட்டுவதாகும். 'ஹேட் டோல்ட்' போட்டால் எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று ஆகும். வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மரியாதைக் குறைவு எட்டிப்பார்த்தது. ஒரு மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், முதலில் அவருக்கு என்மேல் ஒரு பிடிப்பு வரட்டும், அப்புறம் கேட்கலாம் என்று பாசமாக நாலு வார்த்தை போட்டு அனுப்பினேன். 'ஐ விஷ் யூ வேர் மை சன்.' நீங்கள் எனக்கு மகன் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அனுப்பிய கை கீழே இறங்குவதற்குள் கரும்பலகை கண்முன் வந்து நின்றது. வேர். இல்லாததுக்குத்தான் 'விஷ்'. நீ என் மகன் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்!

உடனே அழித்தேன். போன் ஏதோ கேட்டது, பதற்றத்தில் மேலே இருந்ததை அழுத்தினேன். அழிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டபோது என் மனைவி எட்டிப் பார்த்து, "உங்க போன்ல மட்டும் அழிச்சிருக்கீங்க. அவருக்கு அப்படியேதான் இருக்கும்" என்றாள். அதாவது இனி அந்த வாக்கியம் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'ஓகே மாமா.' பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. இந்த மூன்று வருடத்தில் மாப்பிள்ளை எனக்கு இரண்டே சொல்லோடு முற்றுப்புள்ளி வைத்ததே இல்லை. பாய்லரில் சத்தம் வந்தால்கூடப் பயமில்லை சம்பந்தி. சத்தம் சட்டென்று நின்றால்தான் ஆட்களை வெளியே போகச் சொல்வோம்.

நேற்றுக் காலை முதல் ரயிலில் கிளம்பிவிட்டேன். திடீரென்று வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, போன தடவை மாப்பிள்ளை எங்கள் வீட்டில் விட்டுப்போன குடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆறு மணி நேரப் பயணம். வழியெல்லாம், முதலில் மகள் முகத்தைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும், முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அதனால் வீட்டுக்குப் போகாமல் நேராக அவள் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளெய்ம்ஸ் செக்‌ஷன் எந்த மாடிங்க?" என்று கேட்டேன்.

"அந்த செக்‌ஷன் இங்க இல்ல சார். மூடி நாலு மாசமாச்சு. அத்தனை பேரையும் அனுப்பிட்டாங்க."

"எங்க பொண்ணு இங்கதானே வேலை பார்க்குது…"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, "உக்காருங்க சார், முதல்ல தண்ணி குடிங்க" என்றார். அந்த மரியாதைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. உட்காராமல் அங்கே நின்றபடியே மகளுக்குப் போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்கே?"

"ஆபீஸ்லதான்ப்பா. மீட்டிங். அப்புறம் பேசட்டுமா?"

பூட்டிய கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தது. அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. 'டோக்கன் நம்பர் நாப்பத்தேழு, மூணாம் நம்பர் ரூம்.' போன் துண்டித்தது. எந்த மீட்டிங்கில் டோக்கன் கொடுக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில்தானே கொடுக்கிறார்கள்! என் மகளுக்கு ஏதோ பெரிய வியாதி, யாரிடமும் சொல்லாமல் வைத்தியம் பார்க்கிறாள், மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியும், அதனால்தான் 'வாஸ்' என்று என் மனம் ஒரே நொடியில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அங்கிருந்து இந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று இன்னும் நினைவில்லை. லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த சான்றிதழின் தேதி முடிந்துபோயிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதனால் ஆறு மாடியும் படியேறி, பூட்டிய கதவுக்கு முன்னால் குடையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தேகாலுக்கு மாப்பிள்ளை வந்தார். என்னைக் கண்டதும் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"மாமா! என்ன ஆச்சு? அத்தைக்கு ஏதாவது…"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. குடையை விட்டுட்டு வந்துட்டீங்க. மழைக்காலம் வருது…"

அவர் குடையை வாங்கி விரித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் சிவப்புப் பூப்போட்ட பெண்கள் குடை. "இது என்னோடது இல்லையே மாமா" என்றார் மெதுவாக. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுடைய குடையை அவர்களுக்குத் தெரியாமல் வேற்றூருக்குக் கடத்தி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். "நேத்து உங்க மெசேஜ் பார்த்தேன் மாமா. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றார். அவர் முகமும் வெளுத்துப்போயிருந்தது. ஒரே சோபாவில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பயந்து உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தே முக்காலுக்கு மகள் வந்தாள். தோளில் ஆபீஸ் பை, கையில் டிபன் டப்பா. இளைத்திருந்தாள். "அப்பா!" என்று சிரித்தாள். முள் சிவப்புக்குப் போய் எத்தனையோ நாளாகியிருக்கிறது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

டீ வந்தது. எங்கே போய்விட்டு வருகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பெற்றவன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். நாக்கு அதை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் போனது.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை ஒரு வரி எழுதியிருந்தீங்களே. அதுல 'வாஸ்'னு ஒண்ணு இருக்கு. அது… தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

அவர் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டு, "சும்மா விஷ் பண்ணேன் மாமா. ஹேப்பியா இருக்கணும்னு. இங்கிலீஷ்ல ஏதோ தப்பா விழுந்திருக்கும்" என்றார்.

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்போது மகள் கையை நீட்டினாள்.

"என்ன எழுதியிருந்தாரு? காட்டுங்க."

காட்டினேன். ஒரே வரிதான். அதை ரொம்ப நேரம் படித்தாள். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "சரியாத்தான்ப்பா எழுதியிருக்காரு."

அப்புறம் எல்லாம் வந்தது. செக்‌ஷனை மூடியதும், ஒரு வாரத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். ஒரு வாரம் ஒரு மாதமாகி, ஒரு மாதம் நாலு மாதமாகிவிட்டது. தினமும் காலை டிபன் டப்பாவோடு கிளம்பி, ஒரு கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். "அங்க ஏன் உக்காந்திருக்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்கப்பா" என்றாள். கண்ணில் மருந்து விட்டு எதிரே எதுவும் தெரியாமல் இருந்த ஒரு பெரியவர், படிவத்தை நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். இப்போது ஒரு நாளைக்கு இருபது படிவம் நிரப்புகிறாள். கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள், இவளும் நோயாளி என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் உங்களைக் கூப்பிடலையாம்மா?" என்று நாலு மாதமாக வருத்தப்படுகிறாராம்.

மாப்பிள்ளை "அப்படியா" என்றார், எழுந்து போய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாலு மாதம் தன்னிடம் மறைத்த மனைவியிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. தங்கள் வளர்ப்பு என்று மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏம்மா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"உங்ககிட்டயா?" என்றாள். "சொன்னா நீங்க பயப்படுவீங்க. உங்க பயத்தையும் சேர்த்து நான்தான் சுமக்கணும். எனக்கு என் பயமே போதும்னு இருந்துச்சுப்பா."

முப்பத்து நாலு வருடம் ஒரு மயிரிழை விரிசலைக்கூட விட்டதில்லை என்று தங்களிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன். பெற்ற தகப்பன் என்று என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கு என் மகளைப் பயமுறுத்தி வைத்திருப்பது நான்தான் என்று நேற்று மாலைதான் தெரிந்தது. அவள் தலையில் கைவைத்து, வேலை என்னம்மா வேலை, நீ இருக்கிறாயே அது போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என்னவோ, "இந்த லிஃப்டுக்குச் சர்டிபிகேட் தேதி முடிஞ்சுபோச்சும்மா. இனிமே படியிலயே வா, என்ன?" என்பதுதான். அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது தங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். எட்டாவது பக்கத்துக்கு வந்துவிட்டேன், இனித் தள்ளிப்போட முடியாது. தாங்கள் போகிற இடத்தில் எல்லாம் 'எங்க மருமக இன்சூரன்ஸ் ஆபீசர்' என்று சொல்வீர்கள். பெருமையாகத்தான் சொல்கிறீர்கள். அந்த வார்த்தைக்குத்தான் அவள் ரொம்பப் பயந்திருக்கிறாள். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை போனில் பேசும்போது ஆபீஸ் எப்படி இருக்கு என்று கேட்காமல், நீ எப்படி இருக்கேம்மா என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நாளைக்கு ஆபீசர் என்ற சொல் வேண்டாம். இன்று காலையும் டப்பாவோடு கிளம்பினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கே என்றேன். "ஒரு பெரியவருக்கு இன்னிக்குக் கண் ஆபரேஷன்ப்பா. வரேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். படியில்தான் இறங்கிப் போனாள். மேலிருந்து பார்த்தேன்.

தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது, ஆனால் ரப்பர் பை பழையதாக இருந்தால் வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசிகள். எல்லாரும் நல்லா இருக்கணும். இதை எழுத எனக்கு எந்த டீச்சரும் தேவைப்படவில்லை என்பதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பையும், கொஞ்சம் தங்கள் கோபத்தையும் எண்ணியபடி இருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் மாப்பிள்ளை வந்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டார். சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு எதிரே உட்கார்ந்தார். "மாமா, அந்த 'வாஸ்' தப்பா விழுந்ததில்ல. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். கூட வேலை செய்றவரோட அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ அவளைப் பார்த்துட்டேன். அவளா சொல்லட்டும்னு இருந்தேன். உங்ககிட்ட நேரா சொன்னா நீங்க பயந்துடுவீங்க. அதான் நாசூக்கா ஒரு வரி எழுதினேன். நீங்க மூணு கட்டைவிரல் போட்டீங்க" என்றார். இன்று காலையே அவளிடமும் இதைச் சொல்லிவிட்டாராம், தலையணையால் அடித்தாளாம். சரி, உங்கள் அப்பாவுக்கு மட்டும் இந்தக் கடிதம் போய்ச் சேரட்டும் என்றேன். அதற்கு அவர் பீரோவைத் திறந்து, தாங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். தேதி ஆறு வாரத்துக்கு முந்தையது. மூன்றே வரி. 'ஒன்று: அவளை ஒன்றும் கேட்காதே. இரண்டு: இரவில் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வா. மூன்று: எக்காரணம் கொண்டும் அவளுடைய அப்பாவுக்குத் தெரியக் கூடாது. மனிதர் தாங்க மாட்டார்.' என் மனைவிக்கும் தெரியுமா என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு உடனே அடுக்களையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

ஆகவே மேற்கண்ட பக்கங்களைப் படிக்காததாகக் கருதவும். ஆபீசர் என்ற சொல்லைப் பற்றி நான் எழுதியதை மட்டும் மன்னிக்கவும். இனிமேல் என்னிடம் யாரும் எதையும் மறைக்க வேண்டாம். நான் பயப்பட மாட்டேன். சொல்லப் போகிறோம் என்பதை மட்டும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும்.